அந்த 38-க்குள் நம் வாழைத்தோட்டம் உண்டா?

கேள்வி:

சின்னமனூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். உலகப் புத்தாக்கக் குறியீட்டில் 2015-இல் 81-ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2025-இல் 38-ஆம் இடத்துக்கு வந்துவிட்டது என்ற செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஒரு மாணவி எழுந்து, "மிஸ், எங்க அப்பா திசு வாழை போட்டிருக்காரு, சொட்டுநீர் போட்டிருக்காரு. அதெல்லாம் இந்த 38-க்குள்ள வருமா?" என்று கேட்டாள். பின்வரிசைப் பையன் ஒருவன், "பொட்டிப்புரத்துல நியூட்ரினோ மையம் வந்திருந்தா நாம இன்னும் முன்னால போயிருப்போமா?" என்றான். இரண்டுக்கும் நான் பதில் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு நாடு அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் முன்னேறியிருக்கிறது என்பதை யார், எதை வைத்து அளக்கிறார்கள்? அந்த அளவையில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு எங்கே வருகிறது? பிள்ளைகளை வைத்து நாங்களே எதையாவது அளந்து பார்க்க முடியுமா?

— ஓர் ஆசிரியை, சின்னமனூர்

பதில்:

அந்த மாணவிக்கு நாளைக்கே பதில் சொல்லிவிடலாம். அவளுடைய அப்பாவின் தோட்டம் அந்த 38-க்குள் அநேகமாக இல்லை.

அதற்காக அந்த எண் பொய் என்று ஆகிவிடாது. ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 139 நாடுகளை, ஏறத்தாழ 80 தனித்தனி எண்களை வைத்து ஒப்பிட்டு இந்தப் பட்டியலைப் போடுகிறது. பொறுப்பாகச் செய்யும் வேலை அது. கணக்குப் போடும் முறையைச் சற்று மாற்றினால் ஒரு நாட்டின் இடம் எங்கிருந்து எங்கு வரை நகரக்கூடும் என்பதையும் அவர்களே அறிக்கையில் அச்சிடுகிறார்கள். நம் செய்தித்தாள்களில் அந்த வரி மட்டும் விடுபட்டுப் போகிறது. இந்தியாவை மேலே தூக்கிவிடும் எண்களில் முக்கியமானது தகவல் தொழில்நுட்பச் சேவைகளின் ஏற்றுமதி. பெங்களூரிலும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் நடக்கிற வேலை ஜெனீவாவுக்குத் தெரிகிறது. அதற்கு ரசீது இருக்கிறது, ஏற்றுமதிக் கணக்கு இருக்கிறது. சின்னமனூர் வயலில் ஒரு விவசாயி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு செய்து பார்ப்பதற்கு அப்படி எந்தத் தாளும் கிடையாது. தாள் இல்லாத வேலை இந்த வகைக் கணக்குகளில் ஏறுவதில்லை.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. 1963-இல் ரோமுக்குப் பக்கத்தில் ஃபிராஸ்காட்டி என்ற ஊரில், பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் நிபுணர்கள் கூடி உட்கார்ந்து, எது ஆராய்ச்சி, எது ஆராய்ச்சி இல்லை என்று ஒரு கையேடு எழுதினார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் ஆராய்ச்சிச் செலவைக் கணக்கிடுவது அந்தக் கையேட்டின் வழியில்தான். புதியதாக இருக்க வேண்டும், சுயமான யோசனை இருக்க வேண்டும், முடிவு முன்கூட்டியே தெரியாததாக இருக்க வேண்டும், முறையாகத் திட்டமிட்டிருக்க வேண்டும், இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கும்படி பதிவாகியிருக்க வேண்டும் என்று ஐந்து நிபந்தனைகள். ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் கவாத்துக் காலத்தை மாற்றி விளைச்சலைக் குறித்து வைத்தால் அது ஆராய்ச்சி. ஓடைப்பட்டியில் ஒருவர் தம் பந்தலில் பத்து வருடமாக அதையே மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, எந்த மாதம் வெட்டினால் அடிச்சாம்பல் நோய் குறையும் என்று தெரிந்துவைத்திருந்தால் அது கணக்கில் வராது. ஐந்தில் நான்கு அவரிடம் இருக்கிறது. பதிவு மட்டும் இல்லை. கையேடு எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கேயாவது கோடு போட்டால்தான் எண்ண முடியும். கோட்டுக்கு வெளியே என்ன விழுந்தது என்பதை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கோட்டுக்கு உள்ளே இருப்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். 2010-11-இல் இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது சுமார் 60,197 கோடி ரூபாய். 2020-21-இல் அது சுமார் 1,27,381 கோடி. இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் விழும். இன்னொரு மேடையில் ஒருவர், அதே 2020-21-இல் இது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான், பத்தாண்டுக்கு முன்பு இருந்த விகிதத்தைவிடக் குறைவு என்பார். இரண்டும் உண்மை. பணம் கூடியது, நாட்டின் வருமானம் அதைவிட வேகமாகக் கூடியது. தென்கொரியா ஏறக்குறைய 5 சதவீதம் செலவிடுகிறது, அதில் பெரும்பகுதி தனியார் தொழில் நிறுவனங்களின் பணம். நம் நாட்டில் தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. 0.64 என்ற எண்ணைப் பார்த்து அரசாங்கத்தை மட்டும் திட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காப்புரிமைக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. உங்கள் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். 2013-14-இல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பங்கள் 42,951. வழங்கப்பட்ட காப்புரிமைகள் 4,227. 2023-24-இல் வந்தவை 92,168, வழங்கப்பட்டவை 1,03,057. அந்த ஆண்டு வந்ததைவிட வழங்கியது அதிகம். அது எப்படி என்று பிள்ளைகளைக் கேளுங்கள், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பல வருடங்களாகத் தேங்கிக் கிடந்த கோப்புகளை, புதிதாகப் பரிசோதகர்களை வேலைக்கு எடுத்துத் தீர்த்தார்கள். அது நல்ல காரியம். காத்திருந்தவர்களுக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் பத்தாண்டில் இந்தியர்களின் கண்டுபிடிப்புத் திறன் 24 மடங்கு ஆனது என்று அதற்குப் பொருள் இல்லை. விண்ணப்பங்கள் இரண்டு மடங்கு ஆயின என்பதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் வரும் எண். அதிலும் ஒரு சேர்மானம் உண்டு. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் குறைத்தார்கள். தரவரிசைக்கு மதிப்பெண் வேண்டும் என்று விண்ணப்பம் போட்ட கல்லூரிகளும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கின்றன.

நான் நம்பும் எண் வேறு. காப்புரிமை வாங்கியவர் அந்தக் கண்டுபிடிப்பு நாட்டில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறதா என்று படிவம் 27-இல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை பேர் பயன்பாட்டில் இருக்கிறது என்று எழுதினார்கள்? அந்த எண்ணைத் தலைப்புச் செய்தியாகப் போட்ட நாளிதழை நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. எண்ணிக்கையில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து நாம் இருக்கிறோம். பிஎச்.டி. வாங்க வேண்டுமானால் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதி இருந்த காலத்தில், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கை வரும். நாம் கேட்டது அதைத்தான்.

மாநிலங்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. நிதி ஆயோக் வெளியிட்ட இந்தியப் புத்தாக்கக் குறியீட்டில் தமிழ்நாடு 2019-இல் பெரிய மாநிலங்களில் இரண்டாவது, அடுத்த பதிப்பில் மூன்றாவது, அதற்கடுத்த 2021 பதிப்பில் ஐந்தாவது. நாம் சரிந்துவிட்டோமா? மூன்றாம் பதிப்பில் அளவைகளின் எண்ணிக்கையையே 36-லிருந்து 66 ஆக்கிவிட்டார்கள். பாடத்திட்டத்தை மாற்றித் தேர்வு வைத்த பிறகு போன வருட மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது என்பது ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி அந்த வாழைத்தோட்டத்துக்கு வருகிறேன். இதைத்தான் நிதானமாகச் சொல்ல நினைத்தேன்.

உங்கள் மாணவியின் அப்பா நட்ட திசு வாழை பெரும்பாலும் ஜி-9 ரகமாக இருக்கும். கறுப்புப் பாலித்தீன் பையில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில், நான்கைந்து இலையோடு வந்து இறங்கியிருக்கும். அந்தக் கன்று எப்படி உருவானது என்று பாருங்கள். நல்ல தாய்மரத்தின் கன்றிலிருந்து குருத்து நுனியை மட்டும் எடுத்து, கிருமி நீக்கிய கண்ணாடிப் புட்டியில், கூழ் போன்ற ஓர் ஊட்டத்தின் மேல் வைப்பார்கள். அந்தக் கூழில் என்ன உப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற பட்டியல் 1962-இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொஷியோ முராஷிகே, ஃபோக் ஸ்கூக் என்ற இருவர் எழுதியது. அவர்கள் ஆராய்ந்தது வாழையை இல்லை, புகையிலைத் திசுவை. அது வேகமாக வளர எந்த ஊட்டம் சரி என்பதுதான் அவர்கள் கேள்வி. இன்றைக்கும் திசு வளர்ப்புக் கூடங்களில் புட்டியின் மேல் 'எம்.எஸ்.' என்று எழுதியிருந்தால் அது அந்த இருவரின் பெயர்களின் முதலெழுத்துதான்.

ஜி-9 ரகம் 1990-களில் இஸ்ரேலிலிருந்து இந்தியாவுக்கு வந்து மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் பகுதியில் முதலில் காலூன்றியது. சொட்டுநீர்ப் பாசனமும் இஸ்ரேலில் 1960-களில் உருப்பெற்றது. புட்டியில் வளர்த்த கன்றில் முடிக்கொத்து போன்ற நச்சுயிரி நோய் ஒளிந்திருந்தால் ஊரையே கெடுத்துவிடும் என்பதால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் திசுக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. குழாய் போடச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாடு அரசு முழு மானியம் தருகிறது. இத்தனையும் சேர்ந்துதான் சின்னமனூரில் ஒரே வயலில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தார் தள்ளி, ஒரே சமயத்தில் வெட்டி லாரியில் ஏற்ற முடிகிறது. பக்கக்கன்று நட்ட காலத்தில் ஒரு தார் இன்றைக்கு, ஒரு தார் அடுத்த மாதம் என்று வியாபாரியிடம் பேரம் பேச முடியாத நிலை இருந்ததை அவளுடைய தாத்தா சொல்வார்.

இப்போது கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். இது எந்த நாட்டின் முன்னேற்றம்? கட்டுரையின் பெருமை அமெரிக்காவின் கணக்கில். ரகமும் குழாயும் இஸ்ரேலிலிருந்து வந்தவை. சின்னமனூர்க்காரர் எதையும் கண்டுபிடிக்கவில்லை, காப்புரிமை கேட்கவில்லை, கட்டுரை எழுதவில்லை. ஆனால் புகையிலையைப் பற்றிய ஓர் அறிவு முப்பது நாற்பது ஆண்டுகளில் பல கைகள் மாறி முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஒரு வயலுக்கு வந்து, அவர் தம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் தக்கபடி இடைவெளியையும் உரத்தையும் மாற்றி, கடன் வாங்கிப் போட்ட பணத்தைப் பணயம் வைத்து, ஒரு வருடம் காத்திருந்து அதைச் சரி என்று நிறுவியிருக்கிறார். ஒரு நாட்டில் அறிவியல் உயிரோடு இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், நான் இந்தப் பயணம் எவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அறிவு கீழே வருகிறதா, வயலில் வந்த சிக்கல் ஆய்வகத்துக்குத் திரும்பிப் போகிறதா?

திரும்பிப் போனதும் உண்டு. தேனி மாவட்டத்து ஜி-9 தோட்டங்களில் வாடல் நோய் தலைகாட்டியபோது, திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் இங்கே வந்து, நோய்ப் பூஞ்சையைப் பிரித்தெடுத்து, அதற்கு எதிரான டிரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சையை இங்குள்ள வயல்களிலேயே சோதித்துக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நாட்டின் கட்டுரைக் கணக்கில் அது வெறும் ஒன்று. எந்த ஊர் விவசாயி காட்டிக் கொடுத்த செடியிலிருந்து அது பிறந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இந்தப் பாதை எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2013-இல் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு விவசாயக் குடும்பங்களிடம் கணக்கெடுத்தபோது, பத்தில் ஏறக்குறைய ஆறு குடும்பங்கள் அரசிடமிருந்தோ தனியாரிடமிருந்தோ எந்தத் தொழில்நுட்ப ஆலோசனையும் பெறவில்லை என்று தெரிந்தது. அறிவியல் முன்னேற்றத்தைப் பற்றிய கூட்டங்களில் 0.64 சதவீதத்தைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. இந்தப் பத்தில் ஆறு என்னை அதைவிடக் கலங்க வைக்கிறது.

உங்கள் மலைக்கு அந்தப் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் உங்கள் மாணவர்களின் வீடுகளில் நிச்சயம் இருப்பார்கள். அங்கே அவர்கள் காய் எடுக்கும் செடிகளில் பெரும்பாலானவை ஞள்ளானி ரகம். அதை எந்த ஆராய்ச்சி நிலையமும் உருவாக்கவில்லை. கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, தம் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைக் கவனித்துத் தேர்ந்து, கன்று பிரித்துப் பெருக்கினார். 1980-களின் பிற்பகுதியிலிருந்து அது மலை முழுக்கப் பரவியது. விளைச்சல் பழைய ரகங்களைப் போலப் பல மடங்கு. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவின்படி செடிக்குக் காப்புரிமை கிடையாது. அந்த விதி விவசாயிகளுக்கு நல்லது என்பதே என் கருத்து. 2001-இல் வந்த பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் உழவர் ரகத்தைப் பதிவு செய்ய வழியும் இருக்கிறது. ஆனாலும் போடிக்கு ஏலம் விட வரும் காய் மூட்டைகளில் இருக்கிற அந்தப் புத்தாக்கத்தைக் காப்புரிமையை எண்ணுகிற எந்த அட்டவணையிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஞள்ளானியோடு உரமும் பூச்சிமருந்தும் கூடின என்ற குறையும் சொல்லப்படுகிறது. அதையும் மாணவர்கள் கேட்டு எழுத வேண்டும். முன்னேற்றத்தை அளக்கிறவர் அதன் செலவையும் அளந்தாக வேண்டும்.

பின்வரிசைப் பையனின் கேள்வி இதைவிடக் கடினம்.

நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்தியா புதிதாகக் கால் வைக்கவில்லை. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதலில் பதிவு செய்தவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். 1992-இல் அந்த ஆய்வு முடிந்தது. புதிய இடம் தேடியபோது நீலகிரியில் சிங்காராவைத் தேர்ந்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் அனுமதி மறுக்கப்பட்டது. பிறகுதான் உங்கள் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம். மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, எல்லாத் திசையிலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை, உள்ளே 50,000 டன் இரும்பால் ஆன காந்தக் கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதன் பிறகு உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பக்கத்தில் இருப்பதால் தேசிய வனவிலங்கு வாரிய அனுமதி என்று ஆண்டுகள் ஓடின. 2022-இல் தமிழ்நாடு அரசு இந்த இடத்தில் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் எழுத்துமூலம் சொன்னது. அதே 2015 ஜனவரியில் சீனா ஜியாங்மென் நகருக்குப் பக்கத்தில் தன் ஜூனோ நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டியது. அது 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.

பட்டியலில் முன்னால் போயிருப்போமா என்றால், இல்லை. ஓர் ஆய்வகத்தின் கட்டுரைகள் 80 எண்களில் ஒன்றிரண்டில் ஒரு துளியாக விழுந்திருக்கும். ஆனால் இழப்பு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெரிய கருவி இங்கே கட்டப்பட்டிருந்தால் ஆயிரக்கணக்கான உணர்கருவிகளை நம் தொழிற்சாலைகளில் செய்திருப்பார்கள், பெரியகுளத்திலும் மதுரையிலும் படித்த பிள்ளைகள் அதற்குள் வேலை பார்த்திருப்பார்கள். இன்றைக்கும் மதுரையில் அதன் 85 டன் எடையுள்ள சிறு மாதிரி இயங்குகிறது. முடிந்தால் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக அனுமதி கேளுங்கள்.

எதிர்த்தவர்களின் வாதங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நியூட்ரினோக்களால் கதிர்வீச்சு வரும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆய்வகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வினாடிக்குப் பல லட்சம் கோடி நியூட்ரினோக்கள் நம் ஒவ்வொருவர் உடம்பையும் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன. புலிகளின் வழித்தடம், பாறையை வெடித்துத் தோண்டுவது, வெட்டிய கல்லைக் கொட்டும் இடம், மேய்ச்சல் நிலத்துக்கான பாதை ஆகியவை பற்றிய கேள்விகள் முழுக்க நியாயமானவை. அவற்றுக்கு அந்த ஊர்த் தமிழில், ஊர் மக்கள் நடுவில் உட்கார்ந்து, தொடக்கத்திலேயே பொறுமையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அணுசக்தித் துறையின் பெயர் பலகையில் இருந்தாலே மக்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றால், அந்தச் சந்தேகமும் ஒரு நாட்டின் அறிவியல் நிலையைச் சொல்லும் எண்தான். அறிவியலைச் செய்கிறவர்களுக்கும் அதன் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கும் நடுவே எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதை எந்தப் புத்தாக்கப் பட்டியலும் அளப்பதில்லை. 1,500 கோடி ரூபாயை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அந்த நம்பிக்கைக் குறைவுக்கு வலு இருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன். நீங்களே அளக்கலாம். 1992-இல் ஓஇசிடி வெளியிட்ட ஆஸ்லோ கையேடு இதற்கு வழி காட்டுகிறது. அது கட்டுரையையும் காப்புரிமையையும் எண்ணுவதில்லை. நேராகத் தொழில் செய்கிறவரிடம் போய், கடந்த மூன்று ஆண்டுகளில் புதிதாக அல்லது மேம்படுத்தி எதைச் செய்தீர்கள், அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்கிறது. இந்த முறையில்தான் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்போடு சேர்ந்து 2021-22-இல் உற்பத்தித் தொழிற்சாலைகளைக் கணக்கெடுத்தது. நான்கில் ஒரு நிறுவனம் புதுமை செய்திருப்பதாகத் தெரிந்தது. அந்தக் கணக்கெடுப்பு வயலுக்கு வரவில்லை. உங்கள் மாணவர்கள் வரலாம்.

வாழை, திராட்சை, நெல், தென்னை என்று கலந்து ஒரு முப்பது தோட்டக்காரர்களைப் பிடியுங்கள். மூன்று வருடத்துக்கு முன் செய்யாத எதை இப்போது செய்கிறீர்கள் என்று கேளுங்கள். சொட்டுநீரோடு உரத்தைக் கரைத்து விடுவது, வாழைத் தாருக்கு உறை போடுவது, திராட்சையில் வேர்ச்செடி ஒட்டு, கைபேசியில் மோட்டார் போடுவது, டிரோனில் மருந்து அடிப்பது என்று ஏதாவது வரும். யார் சொல்லித் தெரிந்தது என்பது இரண்டாவது கேள்வி: பக்கத்துத் தோட்டக்காரரா, உரக்கடையா, கன்று விற்றவரா, தோட்டக்கலை அலுவலரா, காமாட்சிபுரத்து வேளாண் அறிவியல் மையமா, யூடியூபா? சொன்னதை அப்படியே செய்தீர்களா, மாற்றினீர்களா என்பது மூன்றாவது. இந்தக் கேள்விக்குத்தான் ஆட்கள் உற்சாகமாகப் பேசுவார்கள், நேரம் விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் வந்த ஒரு சிக்கலை மேலே யாரிடமாவது சொன்னீர்களா, பதில் வந்ததா என்பது நான்காவது. செய்து பார்த்துக் கைவிட்டது எது, ஏன் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மானியத்தில் போட்ட குழாய் சுருட்டிக் கொட்டகையில் கிடக்கிறது என்றால், அரசாங்கக் கணக்கில் அது இன்னமும் சொட்டுநீர்ப் பாசனப் பரப்புதான். அதன் காரணம் உப்பு அடைத்ததா, எலி கடித்ததா, ஆள் இல்லையா என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தோட்டத்துச் சொந்தக்காரரோடு நிறுத்திவிடக் கூடாது. களை எடுக்கிற, திராட்சைக் கொத்தைக் கத்தரிக்கிற, ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள். புதிய கருவி வந்ததால் அவர்களுக்கு வேலை கூடியதா குறைந்ததா, கூலி என்ன ஆனது, எந்த வேலை கைக்கு எளிதானது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நில உரிமையாளரிடம் மட்டும் கேட்டு எடுத்த புள்ளிவிவரத்தில் பாதி உண்மை விடுபட்டுப் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். முப்பது பேரைக் கேட்டுவிட்டுத் தேனி மாவட்டமே இப்படித்தான் என்று முடிவு எழுத வேண்டாம். எத்தனை பேரிடம், எந்த ஊரில், எந்த மாதத்தில் கேட்டோம் என்பதை முதல் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். பெயரும் சர்வே எண்ணும் குறிக்க வேண்டாம். இரண்டாவது, ஒரு முறை எடுத்த கணக்கை வைத்து முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் யாரிடம் கேட்டார்களோ அவர்களிடமே பன்னிரண்டுக்கு வந்ததும் மறுபடி போய்க் கேட்கட்டும், தாள்களை அடுத்த பதினொன்றாம் வகுப்பிடம் ஒப்படைக்கட்டும். முதல் ஆண்டு முடிவை ஆனைமலையன்பட்டிக்கும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். அங்கிருந்து எத்தனை நாளில் பதில் வருகிறது என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.